இரவல் பெயரில் ஒரு மதிப்பீடு

“அனுப்பிட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“அனுப்பல.”

“எதுக்குடி அனுப்பல? சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும்னு அந்த மனுஷன் எழுதியிருக்காரு.”

“அவரு கேட்டது உன்கிட்ட இல்லக்கா. அதான் பிரச்சினையே.”

அக்கா எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள். வெளியே ஆய்வுக்கூடத்தில் குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குடுவைகளில் மதிய வெயில் பட்டு, சுவரெல்லாம் ஒளி நெளிந்தது. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுப் பிரிவுக்கு அக்காதான் தலைவி. தங்கை அவளிடமே ஆய்வாளராக இருந்தாள். குடிநீரில் கலந்த ஈயத்தைப் பிடித்து நிறுத்தும் மலிவான வடிகட்டி ஒன்றை இருவரும் சேர்ந்து சுட்ட மண்ணில் செய்திருந்தார்கள். அதைப் பற்றிய கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தால் பிரிவுக்கு நிதி தொடரும். வராவிட்டால் கதவுக்குப் பூட்டுதான்.

ஒரு கட்டுரையை வெளியிடும் முன், அதே துறையில் தேர்ந்த சிலரிடம் கொடுத்து ஆய்விதழ் கருத்துக் கேட்கும். யாரிடம் கேட்கலாம் என்று எழுதியவர்களையே பெயர் சொல்லச் சொல்வதும் உண்டு. அக்கா தொலைவில் இருக்கும் மூத்த பேராசிரியர் ஒருவரைச் சொன்னாள். பெயர் அவருடையது. கொடுத்த மின்னஞ்சல் முகவரியோ அக்காவே தொடங்கியது. கட்டுரை அந்த முகவரிக்கு வந்தது. அவர் எழுதுவதுபோலவே, ‘சிறந்த ஆய்வு, தாராளமாக வெளியிடலாம்’ என்று தங்கை எழுதி அனுப்பினாள்.

அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் இன்னொரு மதிப்பீட்டாளர் சந்தேகம் எழுப்பிவிட்டார். இதழாசிரியர் இன்று காலை அந்தப் பொய் முகவரிக்கு எழுதியிருந்தார்: ‘நாள் போகப் போக வடிகட்டி தாங்குமா என்று கேட்கிறார்கள். பள்ளிகளில் பொருத்தக் காத்திருக்கிறார்கள். இதில் உங்களைவிட அறிந்தவர் இல்லை. நீங்கள் சொல்வதே முடிவு.’

“பரீட்சை எழுதினவங்களே பேப்பர் திருத்தி நூத்துக்கு நூறு போட்டுக்கிட்டோம். இப்போ ஊருக்கே வாத்தியாராக்கிட்டாங்க” என்றாள் தங்கை.

“ரொம்ப யோக்கியம் பேசாத. எல்லாரும் பண்றதுதான்.”

“பண்ணட்டும். தாங்குமான்னு கேக்குறாரே, தாங்குமா?”

அக்கா திரையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள். சோதனையின் கடைசி இரண்டு மாதங்களில், பிடித்துவைத்த ஈயத்தை வடிகட்டி மறுபடி தண்ணீரிலேயே கக்கத் தொடங்கியிருந்தது. அளக்கும் கருவியில்தான் கோளாறு என்றாள் அக்கா. அன்று அவள் அதை நம்பவும் செய்தாள். இன்னொரு முறை அளந்து பார்க்கத்தான் துணிவு வரவில்லை. அந்த அளவுகள் கட்டுரையில் இடம்பெறவில்லை.

“தள்ளு, நானே எழுதுறேன்” என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “போன தடவை நீ பிறந்தநாள் வாழ்த்து மாதிரி எழுதிட்ட. ரெண்டு குறையும் சொல்லணும். அப்பதான் நெசம்னு நம்புவாங்க.”

புகழ்ச்சி தடையில்லாமல் வந்தது. பிறகு ஆபத்தில்லாத ஒரு சின்னக் குறைக்காக அக்கா கட்டுரையைத் திறந்தாள். யாரோ எழுதியதுபோல் படித்தால்தான் குறை தெரியும் என்று, அப்படியே படித்தாள். எத்தனையோ பேருடைய கட்டுரைகளைத் துருவிப் பழகிய கண் அது. வரைபடத்துக்கு வந்ததும் நின்றது. விரல்கள் எழுதின: ‘அரையாண்டுச் சோதனை என்கிறார்கள். அளவுகள் நான்கு மாதத்தோடு நிற்கின்றன. மீதி எங்கே?’

அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்த முடியவில்லை. அதற்குள் இதழாசிரியரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்து விழுந்தது: ‘ஒரு வரி போதும். காத்திருக்கிறேன்.’

“அக்கா… என்ன பண்ணப் போற?”

“வேற எவனாவது எழுதியிருந்தா, இந்த இடத்துலயே தூக்கிக் கடாசியிருப்பேன்டி.” அக்கா இதழாசிரியரின் மின்னஞ்சலைக் காட்டினாள். “இவரு நம்மள நம்பிக் கேக்குறாரு. இவரை நம்பி ஸ்கூல்காரங்க. அவங்களை நம்பி, குழாயில வாயை வெச்சுக் குடிக்கிற பிள்ளைங்க. ஆராய்ச்சியில தப்பு வரலாம். அதுக்குத்தான் இன்னொருத்தர் கண்ணுல காட்டச் சொல்றது. அந்தக் கண்ணையே குத்திட்டா, அப்புறம் தப்பைப் பாக்க யாருடி இருக்கா?”

அவள் அந்தப் பொய் முகவரியை மூடிவிட்டுத் தன் சொந்த முகவரியைத் திறந்தாள். ‘உங்களுக்கு வந்த மதிப்பீடு பொய்யானது. அந்த முகவரியைத் தொடங்கியது நான். வடிகட்டி தாங்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.’

“பிரிவையே மூடிருவாங்களேக்கா.”

“மூடட்டும்.”

அடுத்த வரியைத் தொடங்கிய அக்கா பாதியில் நிறுத்தினாள். ‘அந்த மதிப்பீட்டை எழுதியது’ என்பதுவரை திரையில் இருந்தது. தங்கையின் முகம் மெல்ல வெளுத்தது. அவளுக்கு வெளியூரில் கிடைத்திருந்த வேலை அடுத்த வாரம் தொடங்க வேண்டும்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

“நான் சொல்லித்தான் நீ எழுதின. அதையும் போட்டுடறேன். ஆனா நானே எழுதினேன்னு சொன்னா, அதுவும் இன்னொரு பொய்தான். உன் பேரையும் சேர்த்து எழுத விடுடி…”