பெல்ட்சாவின் இடச்செவி

கோடையின் முதல் வெயில் அமெரிக்காவின் ஐடகோ மாநிலக் குன்றுகளின்மேல் பொன்னெனப் பரவ, காய்ந்த புற்கதிர்கள் காற்றில் சாய்ந்து நிமிர, மலையேறப் புறப்பட்ட மந்தைகளின் மணியோசை பள்ளத்தாக்கெங்கும் நிறைந்த காலைப்பொழுதில், பெனியாத் என்னும் மந்தைக்காரர் மட்டும் மலைக்குச் செல்லாது, தம் கறுப்புநாய் பெல்ட்சாவோடு கால்நடை மருத்துவமனைக்கு வந்திருந்தார். எட்டாண்டுகளாய் ஓநாய்க்கும் கரடிக்கும் அஞ்சாது ஆட்டுக்குட்டிகளைக் காத்த பெல்ட்சா, முந்தைய நாள் கழுத்துப்பட்டையைப் பற்றிய அவர் கையைக் கடித்துவிட்டது. ஆளைக் கடித்த நாய் மறுநாள் மந்தையில் உயிரோடு இருத்தலாகாது என்பது பாட்டனார் காலந்தொட்டு அவர் குடியினர் வழுவாது காத்த நெறி. நெறி வகுத்த அப்பெரியவர்களுக்குப் பெல்ட்சாவைத் தெரியாது.

"ஊசியப் போட்டுடுங்க டாக்டர். நான் வெளிய நிக்கிறேன்" என்றார், கட்டுப்போட்ட வலக்கையை மறைத்தபடி.

"ஓடாதீங்க. இப்படி உக்காருங்க" என்றாள் மருத்துவர் லோர்னா.

நாயை மேசைமேல் ஏற்றாமல், தானே தரையில் பக்கவாட்டாய் அமர்ந்து, ஈரல் துண்டுகளை இருபுறமும் மெல்ல உருட்டிவிட்டு, அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்புறத் துண்டை எளிதாய்க் கவ்விய பெல்ட்சா, இடப்புறத் துண்டுக்குத் தலையைத் திருப்பாது உடலையே திருப்பியது. வலக்கன்னத்தருகே அவள் கை சென்றபோது சாய்ந்து கொடுத்தது. இடப்பக்கம் சென்றபோதோ உறைந்து நின்று, உதட்டை நக்கி, வெண்விழி தெரியப் பார்த்தது.

"கெட்ட நாய்னா ரெண்டு பக்கமும் சீறணும். இதுக்கு இடது பக்கம் மட்டும்தான் பயம். எங்கயோ வலிக்குது."

மயக்க மருந்தில் நாய் அயர்ந்தபின், லோர்னா அதன் இடச்செவியின் ஆழத்திலிருந்து விரற்கணு நீளமுள்ள முட்புற்கதிர் ஒன்றைச் சீழோடு உருவியெடுத்தாள்.

"இத வச்சுக்கிட்டா ஆடு மேய்ச்ச? சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி, கழுத!" என்று பெனியாத் விம்மினார்.

"சொல்லிச்சே. உங்க கையிலயே எழுதிக் குடுத்துச்சே!"

அழுகையினூடே அவர் சிரித்துவிட்டார். நெஞ்சிலிருந்த பாறை உருண்டு வீழ்ந்தது. நண்பகலில் கண்விழித்த பெல்ட்சா, தள்ளாடி வந்து, தான் கடித்த கையை முகர்ந்து நக்கிற்று. அவர் அதனை வண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தி, மந்தை சென்ற வழியே மலையேறினார். வாயற்ற உயிரென்று நாம் இரங்கிச் சொல்வதெல்லாம், நம் கண்ணின் குறையை அதன் நாவின்மேல் ஏற்றிச் சொல்வதேயாம்.