தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு வரி

1

கழுத்து வலிக்கிறது.

அழகுக்காகப் போட்ட வரி இல்லை. நிஜமாகவே வலிக்கிறது. இருபத்திரண்டு வருடம் படகுகளின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து அலுமினியத்துக்கு வெல்டிங் அடித்த கழுத்து. வலப்பக்கம் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். பட்டறையில் அதைத் திமிர் என்கிறார்கள்.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கேட்டது என் மச்சான், என் மனைவியின் அண்ணன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள, யார் யார் கதையோ எழுதுற. அந்த போட்டைப் பத்தி எழுதேன்."

எந்த போட் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"அதான், என் வேலையை முழுங்கின போட். ஒரே ஒரு விஷயம் அதுல வந்துரணும். பென்சில் வச்சது நான் இல்ல. ஒரு வரி போதும்."

எழுதுகிறேன் என்றேன். அதற்குள் என் மனைவி பிஸ்கட் தட்டோடு வந்துவிட்டதால் பேச்சு வேறு பக்கம் போனது.

2

தொடக்கங்கள்.

"நீலக்கடல் விரிந்து கிடந்தது, அதன் மேல்—" இல்லை. எங்கள் பட்டறையிலிருந்து கடல் தெரியாது. தெரிவது எதிர்க் கம்பெனியின் சுவரும், பழைய பேட்டரிகளை அடுக்கியிருக்கும் ஒரு மூலையும்.

"அந்தப் பெண்மணி ஒரு கனவோடு வந்தார்—" இதுவும் இல்லை. அவர் வந்தது அளவு டேப்போடு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஐந்தடிக்கும் குறைவு. கணவரோடு கரையோரமாகவே, ஊர் ஊராக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்க ஒரு படகு வேண்டும் என்றார். நாற்பத்தாறு அடி. மீன்பிடி ட்ராலரின் உடம்பு. உள்ளே வலைக்கும் மீனுக்கும் பதிலாக ஒரு வீடு. கட்டில், அடுப்படி, குளியலறை, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. ட்ராலர் யாட் என்பார்கள். வேகம் போகாது. முழுக்க அலுமினியம். முழுக்க அவர் அளவு. அடுப்படி மேடை அவர் முழங்கை உயரம். பெரிய ஆள் யாராவது சமைக்க வந்தால் குனிந்தே செத்துவிடுவார்.

கணவருக்கு முழங்கால் சரியில்லை. கைப்பிடிக் கம்பிகள் எங்கெங்கே என்று ஃபோர்மேன் வரைபடத்தை விரித்தார். பல் டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை.

"இவரை ஒரு தடவை உள்ள நடக்க விடுங்க. எங்கெங்க விழப் பாப்பாருன்னு தானா தெரிஞ்சிரும்."

அப்படியே செய்தோம். வெறும் தகட்டுக் கூட்டுக்குள் அவர் தட்டுத் தடுமாறி நடந்தார். பின்னாலேயே என் மச்சான், கையில் மார்க்கர் பேனாவோடு. பெரியவர் கை பதறிப்போய் எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பதினான்கு குறி. பதினான்கு இடத்திலும் நான் கம்பி வைத்து வெல்டிங் அடித்தேன். மறுபடி நடந்தபோது பெரியவர் கை ஒரு தடவைகூடக் காற்றைப் பிடிக்கவில்லை.

மச்சான் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. அதனால் முன்னாலேயே செலவழித்துவிட்டேன்.

3

பென்சில் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அலுமினியத்தில் பென்சில் வைக்கக் கூடாது. பென்சில் கரி, அலுமினியம், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகிவிடும். கரி இருக்கும், உலோகம் கரையும். கோடு போன வழியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதனால் எல்லாக் குறியும் மார்க்கர் பேனாவில்தான். பட்டறை வாசலில் முழங்கை நீள எழுத்தில் போர்டே இருக்கிறது: பென்சிலை வெளியே வைத்துவிட்டு வா.*

மச்சான் தச்சராக இருந்தவர். இருபது வருடம் மரப் படகு. மரப் படகு வேலை ஓய்ந்துபோனதும் நான்தான் எங்கள் பட்டறையில் சேர்த்துவிட்டேன், குறி போடுகிற வேலைக்கு. தச்சர்கள் பென்சிலைக் காதில் செருகிவைப்பார்கள். எங்களிடம் சேர்ந்த அன்றே பென்சிலை விட்டுவிட்டார். ஆனால் கை விடவில்லை. யோசிக்கும்போதெல்லாம் வலது கை காதுக்குப் போகும், அங்கே ஒன்றுமில்லாததைத் தொட்டுவிட்டுத் திரும்பிவரும். பசங்கள் விடுவார்களா? காதுப்பென்சில் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஃபோர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

* இரும்புக்குப் போட்ட பிரஷ்ஷையும் அலுமினியத்துக்குப் போடக் கூடாது. அதற்கும் போர்டு இருக்கிறது. அதை ஒருவரும் படிப்பதில்லை.

4

(இந்தப் பகுதியை நான்கு தடவை கிழித்தேன். "வறுமையான சூழலில் வளர்ந்த ஒரு எழுத்தாளன் தன்—" என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். படித்தால் எனக்கே அடிக்கத் தோன்றியது.)

மச்சான் விட்ட பென்சில் எங்கே போனது? என்னிடம் வந்தது. தச்சுப் பென்சில், உருட்டினால் உருளாத தட்டைப் பென்சில். வீட்டில் வைத்துக் கொடுத்தார். "நீதான் ஏதோ எழுதுறியாம், தங்கச்சி சொல்லுது. வச்சுக்க."

அப்போது நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டரின் படகில் தண்ணீர்த் தொட்டி உட்காரும் இடம், ஒரு ஆள் மல்லாந்து கிடந்தால் மூக்கில் இடிக்கும் உயரம். அங்கே மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் வெல்டிங்குக்கான ஆர்கான் வாயு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டர் வரும்வரை வெளியே வர அலுப்பாக இருந்தது. வந்தால் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அப்படியே கிடந்தேன். சட்டைப்பையில் பென்சில் இருந்தது. வாசலில் வைத்துவிட்டு வரவில்லை. தலைக்குப் பக்கத்தில் அடித்தகடு, புத்தம்புதிதாக, வெள்ளைத்தாள் மாதிரி. எழுதினேன்.

கழுத்து வலிக்கிறது.

நான் எழுதிய முதல் வரி அது. இந்தக் கதையின் முதல் வரியும் அதுதான். இரண்டையும் ஒன்றாக்கியது நான் இல்லை, கழுத்து.

மறுநாள் தொட்டியை இறக்கிப் போல்ட் போட்டு, மேலே தரையை அடித்தாயிற்று. எழுதியதை எவனும் பார்க்க முடியாது என்ற இடத்தில் வைத்துவிட்ட சந்தோஷம் எப்படிப்பட்டது என்று இன்னொரு எழுத்தாளனுக்குத்தான் புரியும். அந்த ருசியில் எஞ்சின் அறையில், படகின் விலா எலும்பு மாதிரி நிற்கும் ஒரு ஃப்ரேமின் பின்பக்கம், இரண்டாவது வரியை ஆரம்பித்தேன். "இந்தப் படகில் நான் ஒரு நாளும்—" அதற்குள் ஃபோர்மேனின் பூட்ஸ் சத்தம். கட்டை விரலால் தேய்த்தேன். பாதி போனது, பாதி பட்டையாகச் சாம்பல் நிறத்தில் நின்றது. அந்த வரி எப்படி முடிய இருந்தது என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை.

5

பல் டாக்டர் வாரா வாரம் வருவார். கைப்பையில் பழைய தொழில் கண்ணாடி, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற காம்பு வைத்த வட்டக் கண்ணாடி. கண்ணுக்கு எட்டாத வெல்டிங்கை எல்லாம் அதை விட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். சிரிப்போம். அந்த வாரம் எஞ்சின் அறையில் ஃப்ரேமுக்குப் பின்னால் விட்டார்.

"இங்க என்ன, சொத்தை மாதிரி?"

ஃபோர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, துடைத்துவிடலாம் என்று அவரை அனுப்பிவைத்தார். அவர் போனதும் எல்லோரையும் நிற்கவைத்தார். வைத்தது யார் என்று கேட்டார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

மச்சான் யோசித்தார். யோசித்தால் அவர் கை எங்கே போகும்?

காதுக்குப் போனது. எல்லோரும் பார்த்தார்கள்.

"காதுப்பென்சிலு, இத நான் வேற கேக்கணுமா?" என்றார் ஃபோர்மேன்.

"நான் வைக்கலீங்க," என்றார் மச்சான். அதோடு வாயை மூடியிருக்கலாம். குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தார். கோட்டின் அகலத்தை விரல் நகத்தால் அளந்தார். அளவு தப்பாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "இது தச்சுப் பென்சில்தான். ஆனா வச்சது நான் இல்ல."

அந்தப் பட்டறையில் தச்சர் அவர் ஒருவர்தான். தன்னை மாட்டிவிடும் சாட்சியைத் தானே எடுத்துக் கொடுத்த மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. டார்ச் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். பட்டையைத் தேய்த்துச் சுத்தம் பண்ணச் சொன்னது என்னிடம். பண்ணினேன். பென்சிலைத் தகட்டுக் கழிவு டிரம்மில் போட்டேன்.

ஆறு வருடம் ஆகிறது. மச்சான் இப்போது ஒரு கடையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் கீல் மாட்டுகிறார்.

6

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவருக்குத் தெரியுமா?

கோட்டைப் பார்த்துப் பென்சிலைச் சொல்கிறவர். அந்தப் பென்சிலை என் கையில் கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் கூட்டத் தெரியாத ஆளா? கூட்டியிருந்தால் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, மாப்பிள என்று கூப்பிட்டு, என் கழுத்துக்குத் தைலம் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போவாரா? தங்கச்சி வாழ்க்கை என்று விழுங்கிக்கொண்டாரா? "ஒரு வரி போதும்" என்று அவர் சொன்னது கெஞ்சலா, எனக்குத் திறந்துவிட்ட கதவா? அவர் முகத்தை எழுத உட்காரும்போதெல்லாம் டீயை ஊதுகிற வாய் மட்டும்தான் வருகிறது.*

* என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அண்ணன் குடுத்த பென்சில் எங்கங்க?" தொலைந்துவிட்டது என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்கவே இல்லை. அந்தப் 'பார்த்துக்கொண்டிருந்தாள்' தனிக்கதை. எழுத எனக்குத் தெம்பில்லை.

7

முடிவுகள். இத்தனை நாள் அவசரமில்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் படகு பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் கசிவு, கழற்ற வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு. "நீ போட்டதுதான, நீயே கழட்டு," என்று ஃபோர்மேன் என் பெயரை எழுதிவிட்டார்.

அ. தகடு ஓட்டையாகிப் படகு மூழ்குகிறது. நடக்காது. எட்டு மில்லித் தகடு. பத்து எழுத்தில் சிலது குழி விழுந்திருக்கும், தீக்குச்சித் தலை ஆழம். கதைக்காக இரண்டு வயதானவர்களைத் தண்ணீரில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. பெரியவர் இன்னமும் பதினான்கு கம்பியைப் பிடித்துத்தான் நடக்கிறார், வெள்ளிக்கிழமை பார்த்தேன்.

ஆ. ஃபோர்மேன் எழுத்தைப் பார்க்கிறார், நெற்றியில் அடித்துக்கொண்டு மச்சானைத் திரும்பக் கூப்பிடுகிறார். ஃபோர்மேனை உங்களுக்குத் தெரியாது. தேய்த்துவிட்டு வேலையைப் பார் என்பார்.

இ. நான் முதல் ஆளாக கிரைண்டரோடு உள்ளே போகிறேன். இரண்டு நிமிட வேலை. பென்சில் கரியைக் கண்டால் தேய்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் விதியும். குற்றம் சொல்ல ஆளில்லை. ஒழுங்கான வேலையும் திருட்டு வேலையும் ஒரே கிரைண்டரில் முடிந்துவிடும். மச்சான் வைக்கவில்லை என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி, என் கையெழுத்து, அதுவும் தூளாகிவிடும்.

ஈ. தொட்டியைத் தூக்கியதும் தேய்க்காமல், மச்சானுக்கு போன் போட்டு, "மச்சான், கொஞ்சம் வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று சொல்லி, அவர் கையில் டார்ச்சைக் கொடுத்து—

8

இன்று ஞாயிறு. மச்சான் வந்திருந்தார். கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டாராம், வாசித்துக் காட்டச் சொன்னார்.

மூன்றாம் பகுதி வரை வாசித்தேன். பெரியவர் நடக்கிற இடத்தில், பதினான்கு இல்லை, பதினைந்து குறி என்று திருத்தினார். குளியலறைக்குள் ஒன்றை மறந்துவிட்டேனாம். (நீங்கள் படித்தது பதினான்குதான். மாற்றவில்லை.) காதுப்பென்சில் வந்தபோது சிரித்தார். அங்கே நிறுத்திவிட்டு டீ ஆறுகிறது என்றேன்.

"மிச்சம்?"

"இன்னும் சரியா வரல மச்சான்."

"அந்த வரி?"

"அது வந்துரும்."

அவர் கேட்ட வரி என்னிடம் தயாராக இருக்கிறது: பென்சில் வைத்தது மச்சான் இல்லை. பொய் கிடையாது. அதை மட்டும் போட்டால் அவருக்குப் போதும், என் தலையும் தப்பும். அதை வாசிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

யோசித்தார். கை காதுக்குப் போய்த் திரும்பியது. "மெதுவா எழுது மாப்பிள, கழுத்தைப் பாத்துக்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என் மனைவி வாசல் வரை போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அ, ஆ, இ, ஈ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம்தான் சொல்லவில்லை. அவருக்கு நான் தர வேண்டிய வரி அவர் கேட்டது இல்லை, வேறொன்று: பென்சில் வைத்தது நான். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகப் பாக்கி.