மீட்டர்காரரின் குதிகால்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடியை வைத்ததும் மீட்டர்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. குதிகாலில் யாரோ ஆணி வைத்து அறைந்த மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். நாலு அடி நடந்தால் கொஞ்சம் மட்டுப்படும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. வேலைக்காக நடக்கிறாரா, நடப்பதற்காகவே இந்த வேலையில் சேர்ந்தாரா என்று மனைவி கேலி செய்வாள். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருவைச் சுற்றி வருவதற்குள் சண்டை தானாக ஆறியிருக்கும். அந்த வீட்டின் முக்கால்வாசி முடிவுகள் அவர் தெருவில் இருந்தபோது எடுக்கப்பட்டவைதான்.

கட்டிக்கொடுத்த மகள் இப்போது ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் "அப்பா..." என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஏதோ ஒரு வேலை ஞாபகம் வந்தது. வலி முற்றியதும் அந்த நாட்களில்தான்.

"ஊசி போட்டு விட்டுடுங்க டாக்டர். நான் நடந்தாகணும்."

எலும்பு டாக்டர் இளம்பெண். பாதத்தை மடக்கிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் நாற்காலியோடு எம்பினார்.

"ஊசி போடலாம். வலி சீக்கிரம் குறையும், ஆனா திரும்ப வரலாம். அடிக்கடி போட்டா உள்ள இருக்கற சவ்வு அறுந்துகூடப் போகும். அதிர்வலை சிகிச்சை இருக்கு, ஆபரேஷன் இருக்கு, அதெல்லாம் கடைசி. முதல்ல கெண்டைக்காலை நீட்டி மடக்கற பயிற்சி, செருப்புக்குள்ள மெத்தை, ஐஸ் ஒத்தடம். நெறைய பேருக்கு இதுலயே சரியாகிடும். சில மாசம் ஆகும்."

"மாசமா?"

"லீவு போட்டுட்டு வீட்ல கொஞ்சம் உட்காருங்களேன்."

"அவரைப் போய் உட்காரச் சொல்றீங்களே டாக்டர்," என்றாள் மனைவி. "அதுக்கு ஆபரேஷனே தேவலை."

லீவு போட்டாயிற்று. உட்கார்ந்தாயிற்று. ஒரே செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஜன்னலுக்கு வெளியே யார் யாரோ சர்வசாதாரணமாக நடந்து போனார்கள். பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருந்தது. நாற்காலி முள்ளாய்க் குத்தியது.

மத்தியானம் மகள், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"பாதத்தை இது மேல வச்சு உருட்டுங்கப்பா."

உருட்டினார். அவள் போகவில்லை. எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் அங்க திரும்பிப் போகல."

சட்டென்று எழுந்தார். ஆணி இறங்கியது. பொத்தென்று உட்கார்ந்தார்.

"மருந்துக் கடை வரைக்கும்..."

"மருந்தெல்லாம் இருக்குப்பா."

வேறு வழி தெரியாமல் கேட்டார்: "மாப்பிள்ளை கை நீட்டினாரா?"

"ஐயோ, இல்லப்பா. நல்லவர்தான். ஆனா நான் எதையாவது சொல்ல ஆரம்பிச்சா எழுந்து வெளிய போயிடுவார். கரு கலைஞ்சு நான் ஆஸ்பத்திரில கெடந்தேனே, அன்னிக்குக்கூட போனை எடுத்துக்கிட்டு வெளிய போனவர் பொழுது சாஞ்சுதான் வந்தார்."

கரு கலைந்தது அவருக்குத் தெரியாது. சமையலறைப் பக்கம் பார்த்தார். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி ஈரக் கையோடு சமையலறை நிலைப்படியில் நின்று, மகளை அல்ல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் கதவு திறந்துதான் கிடந்தது.

"எப்பம்மா?" என்றார்.

மகள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். பாட்டில் துண்டிலிருந்து நழுவி உருண்டு அலமாரிக்கு அடியில் போய் நின்றது. யாரும் எழுந்து எடுக்கவில்லை. அது போனதே தெரியாமல் அவர் கால், ஈரத் தரையில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டே இருந்தது.