குழாய் வாயில் கட்டிய துணி

மூன்றாம் முறையாக மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். முதல் முறை என் மனைவி அழுதாள். இரண்டாம் முறை சண்டை போட்டாள். இந்த முறை அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டித் திறந்து வைத்தாள். மகளின் கவுன்கள் இரண்டை மடித்து அதில் போட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்டி திறந்தபடியே கிடந்தது.

நான்கு மாதத்தில் மூன்று முறை வாந்தி, பேதி. மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அப்படிக் கூப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கே உட்கார வைத்தாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்ட கையில் நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, குடிக்கிற தண்ணீரைக் கவனியுங்கள் என்றார். பிறகு நிமிர்ந்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

நான் குடிநீர் அலுவலகத்தில் மாதிரி எடுப்பவன். எங்கள் ஊரில் ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து லேபில் சேர்க்க வேண்டும். பதினாறு வருடமாக இதே ஓட்டம். மற்ற தெருக்களில் என்னை யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் தண்ணிக்காரர்.

மகள் படுத்த ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக் குழாயிலேயே மாதிரி எடுத்தேன். மூன்று முறையும் சுத்தம் என்றுதான் வந்தது. லேபில் இருக்கும் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உன் தெருத் தண்ணி தங்கம் தம்பி, எனக்கு ஒரு குடம் கொண்டு வா என்று கேலி செய்வார். மூன்றாம் முறை கேலி செய்யவில்லை. தாளை மடித்துக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாளை நான் மேஜையில் வைத்தேன். மனைவி அதைத் தொடவில்லை.

"அடுத்த தடவை தண்ணி வர்ற வரைக்கும் பாக்கறேன்," என்றாள். "அப்புறம் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இவளை அங்கயே ஸ்கூல்ல சேத்துடுவேன். நீங்க உங்க பேப்பரை வெச்சுக்குங்க."

அண்ணன் வீடு ஒரு பகல் முழுக்கப் பயணம். போனால் வாலுவை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம்.

அடுத்த முறை தண்ணீர் வந்த காலையில் ஐஸ் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் மேலேறி வராது. அதனால் எல்லா வீட்டிலும் வாசலில் இடுப்பளவு குழி வெட்டிக் குழாயை உள்ளே இறக்கியிருந்தோம். குழிக்குள் குடத்தை வைத்துப் பிடித்துத் தூக்க வேண்டும். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அது நான் தொடங்கி வைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய குழாயை மாற்றியபோது தண்ணீர் துருவும் மண்ணுமாக வந்தது. என் பழைய யூனிஃபார்ம் சட்டையின் கையைக் கிழித்து வடிகட்டியாகக் கட்டினேன். தண்ணிக்காரரே கட்டியிருக்கிறார் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். நீங்களும் கட்டுங்கள் என்றேன். ஒரே வாரத்தில் பதினான்கு வீட்டிலும் துணி தொங்கியது. துரு வருவது நின்று வெகுகாலமாகிறது. துணி நிற்கவில்லை.

மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. துணியை அவிழ்க்க வேண்டும். குழாய் வாயைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பற்றவைத்து வாயைச் சுற்றிச் சுட வேண்டும். பிறகு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, விரல் படாமல் புட்டியை நிரப்ப வேண்டும். நமக்குத் தெரிய வேண்டியது பூமிக்கடியில் வரும் தண்ணீரைப் பற்றி. குழாய் வாயில் ஒட்டிய அழுக்கைப் பற்றி அல்ல. முதல் நாள் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருநாளும் நான் இதில் தவறியதில்லை.

மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். நான் புட்டியை மூடியதும், கல்லின் மேல் கிடந்த துணியை எடுத்துப் பழையபடி குழாயில் கட்டினாள். குடத்தைக் குழிக்குள் இறக்கினாள். தண்ணீர் துணி வழியாக நூல்நூலாக இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நாங்க என்னிக்காவது நெருப்பு வெச்சுட்டுத் தண்ணி பிடிச்சிருக்கோமா?"

கல்லின் மேல் கிடந்த கருகிய பஞ்சைப் பார்த்தேன்.

"ஒரு புட்டி குடுங்க. நான் பிடிக்கறேன்."

கொடுத்தேன். துணியை அவிழ்க்காமல் அதன் கீழேயே பிடித்தாள். மூடிக் கையில் தந்தாள்.

அவள் கண் முன்னாலேயே பார்க்க வேண்டும் என்று லேபுக்குக் கொண்டுபோகவில்லை. அக்கா கொடுத்திருந்த சின்னக் குப்பிகள் இரண்டு வீட்டில் இருந்தன. உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும். கழிவு கலந்த தண்ணீரானால் கறுத்துவிடும். என் தண்ணீரை ஒன்றிலும் அவள் தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். அன்று பகல் முழுக்க வீட்டில் யாரும் அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை. எல்லோரும் தூரத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை அவளுடைய குப்பி மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. என்னுடையது வைத்தது வைத்தபடி தெளிவாக இருந்தது.

வாசலுக்குப் போய்க் குழிக்குள் இறங்கினேன். துணியின் நுனி குழியின் அடியில் கிடந்தது. அங்கே, இந்த வருடம் உடைந்த சாக்கடையிலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்குத் தேங்கியிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் குழாயில் தண்ணீர் வராத நேரமெல்லாம் துணி அதை மேலே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவிழ்த்தேன். உள்பக்கம் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. மூன்று முறையும் என் கையாலேயே இதை அவிழ்த்துக் கல்லின் மேல் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

மனைவி மேலே நின்றிருந்தாள்.

"அப்போ நீங்க எழுதினதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல. குழாய்ல வர்றது நல்ல தண்ணிதான்."

"நாங்க குடிச்சது?"

துணியைக் கையில் பிடித்தபடி குழியிலிருந்து ஏறினேன்.

அலுவலகத்தில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். துணிக்கு இதில் இடம் இல்லையே என்றார். நம் வேலை குழாயோடு முடிந்தது, அதன்பிறகு அவரவர் வீடு என்றார். வேண்டுமானால் என் சொந்த நேரத்தில் தெருவில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சொல்லப் போனேன். கையில் கத்தரிக்கோல் வைத்திருந்தேன். முதல் வீடு தையல்கார அக்காவுடையது. அவருடைய துணி மற்ற வீட்டுத் துணிகளைப்போல் கிழித்துக் கட்டியது அல்ல. இரட்டை மடிப்பாக, விளிம்பு தைத்து, வாயில் எலாஸ்டிக் வைத்திருந்தது. இதுபோல் ஆறு வீட்டுக்குத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"கட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்க்கா."

"போன மாசம் எங்க வீட்டுக்காரர் பத்து நாள் எழுந்திருக்காம கிடந்தாரே. வந்து பாத்தீங்களே. தண்ணி சுத்தமா இருக்குன்னும் சொல்லிட்டுப் போனீங்களே."

"ஆமாக்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு எழுந்து தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். எலாஸ்டிக்கை அறுத்தார்.

"மத்த ஆறு வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிக்கறேன். நான் தைச்சது," என்றார்.

மீதி வீடுகளுக்கு நான் போனேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், அடுத்த வருடம் வந்து மறுபடி கட்டச் சொல்வீர்களா என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. கடைசி வீட்டில் ஆள் இல்லை. அந்தத் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாளை மறுபடி போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாலு திறந்த பெட்டிக்குள் கவுன்களின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளில் அவளாக இடம் மாறி உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. ஆற வைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுத்தேன். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது எந்தத் தண்ணிப்பா? உன்னோடதா, அம்மாவோடதா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவோடது," என்றேன். "கொதிக்க வெச்சது."

குடித்தாள்.

"ஒரு மாசம் பாக்கலாம்," என்றாள் மனைவி, அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு. "பெட்டி கீழயே இருக்கட்டும்."

நான் அதை எடுத்து மேலே வைக்கவில்லை.