மேல்மாடத்துச் சீழ்க்கை

அன்று மதியம் இத்தாலியின் பார்மா நகர ஓப்பரா அரங்கில் இருந்தவர்கள்: ரோமிலிருந்து பேய்ப்படம் எடுக்க வந்த இயக்குநர் கோர்சி, அவருடைய கேமராக்காரர்கள், பேயாக நடிக்க, வாயை மட்டும் விட்டு முகத்தை மறைக்கும் வெள்ளை முகமூடி போட்டிருந்த ஒரு பெண், வாசல்காவலன் ஒரெஸ்தே, பழங்காலத்துக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு மேல்மாடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கூட்டம். அதில் முதல் வரிசையில், பன்றித்தொடைக்கு உப்பேற்றும் கூடத்தில் வேலை பார்க்கும் அமில்கரே.

படத்தில் ரசிகர்களாக உட்காரக் கூலிக்கு வந்தவர்கள்தான். ஆனால் அதே மரப்பலகையில் ஆயுள் முழுக்கக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள். ஒரு ஸ்வரம் பிசகினால் சீழ்க்கை அடித்துப் பாடகரை மேடையைவிட்டே துரத்துவார்கள். அந்த ஊரில் சீழ்க்கை என்றால் செருப்படி. இன்று அவர்கள் செய்ய வேண்டியது, பேய் பாடுவதைக் கேட்டு நடுங்குவது. அந்த நடுக்கம்தான் வரவில்லை.

குரலைப் பிறகு ரோமில் சேர்ப்பார்கள்; இப்போது வாய் அசைந்தால் போதும். அதனால் அந்தப் பெண் கைகளை விரித்து, வாயை அகலத் திறந்து எண்களைச் சொன்னாள். "இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..."

"பேயா இது, மாவு மில்லு கணக்குப்பிள்ளையா?" என்றான் முடிதிருத்தும் பிரிமோ. மாடமே குலுங்கியது.

மறுபடி எடுத்தபோதும் சிரிப்பு. கோர்சி தொப்பியைத் தரையில் அடித்தார்.

"யோவ், நடுங்கச் சொன்னா பல்லைக் காட்டறீங்க! கடைசியா ஒரு தடவை. இதுவும் கெட்டா பேயே வேணாம், சுவத்துல ஒரு நிழலைக் காட்டி முடிச்சிடறேன். அம்மா, உங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு சீன்தான். அப்புறம் நீங்க ரயிலேறலாம்."

"எடுங்க," என்றாள் அவள்.

விளக்குகள் எரிந்தன. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். விலா விரிந்தது; இடது தோள் மட்டும் லேசாகப் பின்னால் போனது.

பிரிமோ அமில்கரேயின் விலாவில் இடித்தான். "அண்ணே, அந்தத் தோளைப் பாரு. மொரான்தி இல்ல அது? ஊதுண்ணே!"

இல்தே மொரான்தியேதான். உலகப்போர் முடிந்து வந்த முதல் இசைப்பருவத்தில், இதே மேடையில், உச்ச ஸ்வரத்தில் அவள் குரல் உடைந்தது. முதல் சீழ்க்கை அமில்கரேயுடையது. அதன்பின் எந்த அரங்கும் அவளைக் கூப்பிடவில்லை. இப்போதும் அவர் ஒருமுறை ஊதினால் மாடம் முழுக்க ஊதும். விரல்கள் தாமாகவே வாய்க்குப் போயின.

அவள் எண்ணவில்லை. பாடினாள்.

அன்று பாடிய அதே பாட்டு. குரலில் மணல் ஏறியிருந்தது. அது படிப்படியாக மேலே போனது. எங்கே போகிறது என்று அமில்கரேக்குத் தெரியும். போயிற்று. அதே இடத்தில் உடைந்தது.

அவள் நிறுத்தவில்லை. உடைந்த குரலை அப்படியே பிடித்து இன்னும் மேலே கொண்டுபோனாள். மனிதத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று அமில்கரே நினைத்ததே இல்லை. பலகை அதிர்ந்தது. விரல்கள் உதட்டில் இருந்தன. ஊத மூச்சு இல்லை. பக்கத்தில் பிரிமோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

"கட்!" என்று கோர்சி சொல்லியும் யாரும் அசையவில்லை. கைதட்டவும் தோன்றவில்லை.

அமில்கரே கீழே ஓடினார். மேடைக் கலைஞர்கள் மட்டும் போய்வரும் பின்வாசலருகே, முகமூடி இல்லாமல், கையில் பெட்டியோடு அவள் வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் அன்னிக்கு மொதல்ல..."

"தெரியும். இன்னிக்கும் விரலைக் கொண்டுபோனீங்க. பாத்தேன்."

"ஊத முடியலம்மா. அந்த எடத்துல உடைஞ்சுது, ஆனா..."

"உடையத்தான் விட்டேன். பேய் பாட்டுதானே."

"மறுபடி ஒரு தடவை பாடுவீங்களா? எங்களுக்காக?"

அவள் சிரித்தாள். "படம் வரும்போது டிக்கெட் வாங்கிப் பாருங்க. என் வாய் அசையும். வேற எவளோ பாடியிருப்பா."

ஒரெஸ்தே கதவைத் திறந்துவிட்டான். அவள் தெருவில் இறங்கினாள். அமில்கரே ஓரடி எடுத்து வைத்தார்.

"நீங்க மாடத்து ஆளு, அண்ணே. உங்க வாசல் அந்தப் பக்கம்," என்று சொல்லி, ஒரெஸ்தே அவள் பின்னால் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினான்.