எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்

தார்வாடில் அந்தப் பால் நிறுவனத்தில் குல்கர்ணி என்ற பெயருக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணன் ஹணமந்தராவ் கணினிப் பிரிவின் தலைவர். தம்பி குருநாத் அவருக்குக் கீழே. வெளியூர்க் குளிரூட்டும் நிலையங்களின் கணினிகளை இங்கிருந்தே இயக்க அண்ணன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். அது தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும், கட்டளை கொடுக்கும், அங்கிருந்து கேள்வி வந்தால் ஆளில்லாமலே பதில் சொல்லும்.

என்ன கேட்டாலும் பதில் 'யெஸ்'. தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, தெரியாததற்கு நின்றுவிடும்படி மாற்றலாம் என்று குருநாத் ஒருமுறை எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டான்.

"வருஷக்கணக்கா ஓடுது. நீ வந்து அதுக்குப் பேசக் கத்துக்கொடுக்கப் போறியாக்கும்?" என்றார் ஹணமந்தராவ். ஸ்கிரிப்ட் அப்படியே இருந்தது.

நவல்குந்து நிலையத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழைய பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றியிருந்தார்கள். நகல் எடுக்கும் ஏற்பாடு இன்னும் ஆகவில்லை. மென்பொருளை நிறுவ ஸ்கிரிப்ட் உள்ளே நுழைந்தது. இங்கே பழைய பதிவுகள் இருக்கின்றன, அழித்துவிடலாமா என்று கேட்டது அந்தக் கணினி. யெஸ். விவசாயிகள் ஊற்றிய பாலின் கணக்கு மொத்தமும் போயிற்று.

மதியம் மேலாளர் சுமங்கலா இருவரையும் கூப்பிட்டார். பிரித்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். யார் செய்த வேலை என்று கேட்டார். குல்கர்ணி வீட்டில் அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. குருநாத் முந்திக்கொண்டான்.

"நான்தான் மேடம். அண்ணா எழுதினதுல கைவச்சுக் கெடுத்துட்டேன்."

சுமங்கலா அவனைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். "அப்படியா ராயரே? உங்க தம்பிக்கு வேலை போயிடும். நல்லா யோசிச்சு..."

"ஆமாம்" என்றார் ஹணமந்தராவ், சுமங்கலா முடிப்பதற்குள்.

மாலையில் குருநாத் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அண்ணன் படிவரை வந்தார். குடும்பப் பெயரைக் காப்பாற்றிவிட்டாய் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"இருக்கட்டும் அண்ணா," என்றான் அவன். "அந்தம்மா கேட்டதை முழுசாவாவது கேட்டிருக்கலாம்."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். மறுநாளும் அந்த ஸ்கிரிப்ட் ஓடியது. அதைத் திருத்தத் தெரிந்தவன் இப்போது அங்கே இல்லை.