ஹமீது சுல்தானுக்கு ஒதுங்கிய கடல்

ஊர்க்கூட்டம் ஹமீது சுல்தானைக் கடலுக்குப் போகக்கூடாது என்று விலக்கிவைத்த மறுநாளிலிருந்து, அவர் இறங்கிய பக்கமெல்லாம் கடல் ஒதுங்கிப்போனது. காலடியில் சகதிதான் மிஞ்சும். திருப்பாலைக்குடிக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றூரில், ஊர்க்கட்டுப்பாட்டைக் கடலும் மதிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போனது.

அங்கே அவரவர் வலைக்கு அவரவர் வீட்டுத் துணிதான் அடையாளக் கொடி. காளீஸ்வரனின் கொடி அவன் மனைவி நாகலெட்சுமியின் கனகாம்பர நிறச் சேலைக் கிழிசல். அவன் வலை காணாமல்போன அன்று அந்தக் கொடி ஹமீதின் வள்ளத்தில் கிடந்தது. மிதந்து வந்ததைக் கொடுக்கத்தான் எடுத்தேன் என்றார். அடுத்தவன் கொடியைத் தொட்டவன் வலையையும் அறுத்தவன் என்பது அந்தக் கரையின் வழக்கம். ஹமீதுதான் அறுத்தார் என்று காளீஸ்வரன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அன்று அதை நம்பித்தான் செய்தான். அடுத்த மாதம் ஒரு பாறையில் மாட்டியிருந்த வலையை அவனே கண்டான். ஓர் அறுப்பும் இல்லை. அவன் போட்ட கொடி முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது. செய்த சத்தியத்தை எப்படித் திருப்புவது? கல்லைக் கட்டி அங்கேயே அமிழ்த்திவிட்டு வந்தான்.

ஹமீது ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தார். ஊர் விவகாரம் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். மகள் ஜுமானாவுக்கு வந்த சம்பந்தம், வலை அறுத்தவர் வீடு என்று திரும்பிப்போனது. "வலை கடல்லதானே கெடக்கும், நடந்தே தேடுறேன்" என்று விடிகாலை பஜ்ரு தொழுத கையோடு சகதியில் கம்பூன்றி நடக்க ஆரம்பித்தார்.

"பாய், இப்படியே யாழ்ப்பாணம் போயிருவீக போல!" என்று சிரித்தவர்களும் வருஷங்கள் போகப் போக அடங்கினார்கள். காளீஸ்வரன் மட்டும் தினமும் கரையில் நின்று, அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்த்தான். பாறையை அவர் நெருங்கிய அன்று பொறுக்கமாட்டாமல் ஓடினான்.

"பாய், அங்கன போகாதீக, புதைகுழி."

"நீ அங்கன வலையே போட்டதில்லையேப்பா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

காளீஸ்வரன் அவரைத் தாண்டிப் போய், கல்லை அவிழ்த்து, வலையைத் தோளில் தூக்கிவந்து கரையில் ஊர் முன்னால் போட்டான். விரித்துப் பார்த்தார்கள். அறுப்பு இல்லை.

அபராதம் என்ன வேண்டும் என்று ஊர் கேட்டது. "எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் ஹமீது. சொன்னார்கள். அப்போதே அலை வந்து ஹமீதின் கணுக்காலை நனைத்தது. பக்கத்தில் நின்ற காளீஸ்வரனை விட்டு விலகிப்போனது.

இப்போது யார் வள்ளத்தின் என்ஜின் காத்தாடியில் கயிறு சுற்றினாலும் காளீஸ்வரனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் போய் நின்றால் தண்ணீர் விலகும், ரிப்பேர் பார்க்க வசதி. ஹமீதும் கூப்பிடுவார். வேலை முடிகிறவரை காளீஸ்வரன் சகதியில் தலை குனிந்து நிற்பான். "கொழம்புக்கு வச்சுக்கடா" என்று அவர் நீட்டும் மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உலர்ந்த பாதையில் வீட்டுக்கு நடப்பான்.